அனுப்பிவைக்கும் குருமார்கள்: ஆழ்வார்திருநகரி முதல் அண்ணாமலை வரை

ஜூலை 4, 2025, வெள்ளி: ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர்

திருச்செந்தூரில் வரும் திங்கட்கிழமை குடமுழுக்கு. திருநெல்வேலியிலிருந்து அந்தப் பக்கம் போகும் பேருந்து எதிலும் இன்று கால் வைக்க இடமில்லை. "நகரி இறங்கணும்னா இப்பமே முன்னால வந்திருங்க அண்ணாச்சி, பொறவு இறங்க முடியாது" என்று கருங்குளத்திலேயே நடத்துநர் சொல்லிவிட்டார். அப்படியும் ஒரு பெரியவரின் செருப்பு ஒற்றைக்கால் மட்டும் திருச்செந்தூருக்குப் போய்விட்டது. வெயில் கடுமை, ஆனால் தாமிரபரணிக் காற்று இருந்தது. கோயில் வாசலுக்கு வரும் வழியில் பனையோலைப் பட்டையில் பதநீர், 30 ரூபாய். நுங்கு போட்டுக் கொடுத்தார்கள்.

ஆதிநாதரைச் சேவித்தவுடன் எல்லோரும் நேரே புளியமரத்துக்குப் போகிறார்கள். நம்மாழ்வார் 16 ஆண்டுகள் கண் திறவாமல், வாய் பேசாமல் வீற்றிருந்த மரம். இரவிலும் இலை மூடாது என்பது ஊர் நம்பிக்கை, அதனால் உறங்காப்புளி. மரத்தைப் படம் எடுப்பவர்கள் அதிகம், மதுரகவியை விசாரிப்பவர்கள் குறைவு. குருபக்தியைப் பற்றித் தமிழில் பேசுவதென்றால் அவரிடமிருந்துதான் தொடங்கவேண்டும்.

மதுரகவி வயதில் மூத்தவர், படித்தவர். அயோத்தியில் இருந்தவர் தெற்கே தெரிந்த ஒளியைப் பின்பற்றி இந்த மரத்தடிக்கு வந்தார். "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" என்று கேட்டார். "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்" என்று பதில் வந்தது. உடலுக்குள் புகுந்த உயிர் உடலின் அனுபவத்தையே உண்டு அங்கேயே கிடக்கும் என்பது பெரியோர் சொல்லும் பொருள். அந்த ஒரு பதிலில் முதியவர் இளைஞனுக்குச் சீடரானார். பன்னிரண்டு ஆழ்வார்களில் தம் பாசுரத்தைப் பெருமாளுக்கு என்று அமைக்காமல் குருவுக்கே அமைத்தவர் இவர் ஒருவர்தான். பாடியது மொத்தம் 11 பாசுரம், 'கண்ணிநுண் சிறுத்தாம்பு'. அதில் "தேவு மற்றறியேன்" என்றே சொல்லிவிட்டார்.

அந்தப் 11 பாசுரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. காணாமல் போயிருந்த ஆழ்வார் பாசுரங்கள் நாலாயிரத்தையும் தேடி வந்த வைணவ ஆசாரியர் நாதமுனிகள், இந்த மரத்தடியில் கண்ணிநுண் சிறுத்தாம்பை 12,000 முறை ஓதித்தான் அதை மீட்டார் என்பது குருபரம்பரை வழக்கு. நிதானமாகச் சொன்னால் ஒரு முறைக்கு 4 நிமிடம் ஆகும். 12,000 முறைக்கு 800 மணி நேரம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் எண்பது நாள். குருபக்தியை உருக்கம் என்று மட்டும் நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். இன்றும் நம்மாழ்வாரின் திருவாய்மொழி தொடங்குமுன் இதைச் சொல்லாமல் தொடங்குவதில்லை.

சடாரி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெருமாள் சன்னிதிகளில் தலையில் வைக்கும் திருவடி நம்மாழ்வாராகவே கொள்ளப்படுகிறது, அதனால்தான் ஸ்ரீசடகோபம். இந்த ஊரில் ஆழ்வார் சன்னிதியில் வைக்கும் திருவடிக்கு ராமாநுசன் என்று பெயர். ராமாநுசர் சன்னிதியிலோ அது முதலியாண்டான். ஒவ்வொருவரின் பாதமாகவும் அவருக்கு அடியவர் இருக்கிறார். குனிந்து, வலக்கையால் வாயை மறைத்து வாங்கவேண்டும். தீர்த்தத்துக்கு உத்தரீயத்தை உள்ளங்கைக்கு அடியில் ஏந்திக்கொள்ளவேண்டும், ஒரு சொட்டும் தரையில் விழக்கூடாது. வரிசையில் பாதிப் பேர் தீர்த்தத்தைத் தவறவிடுவது ஒரு கையில் செல்பேசி இருப்பதால்தான்.

மாலையில் திருக்கோளூர், மதுரகவி பிறந்த ஊர். ஆட்டோ போகவர 200 ரூபாய். ராமாநுசர் இந்த ஊருக்குள் வந்தபோது ஒரு பெண்பிள்ளை ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டவருக்கு 81 அடியார்களின் செயலைச் சொல்லி, "இவற்றில் ஒன்றும் செய்யாத நான் இங்கே இருந்தென்ன" என்றாள். "தேவு மற்றறியேன் என்றேனோ மதுரகவியைப் போலே" என்பது அந்த 81-ல் ஒன்று. ராமாநுசர் அவளைத் திரும்ப அழைத்துப்போய் அவள் வீட்டிலேயே உண்டார். கோயிலில் இன்று பத்துப் பேர்கூட இல்லை. புளியோதரை சூடாகக் கிடைத்தது.

ஜூலை 5, சனி: திருக்கோஷ்டியூர்

மதுரை வழியாகத் திருப்பத்தூர் வருவதற்குள் நண்பகல். சன்னிதி அடைத்துவிட்டார்கள். நிழலுக்கு ஒதுங்கிய கடையில் வெள்ளைப் பணியாரம் நான்கு 40 ரூபாய், கூட வரமிளகாய்ச் சட்னி. "நாலு மணிக்குத்தானண்ணே தெறப்பாக, உள்ள வந்து காத்தாட உக்காருங்க" என்று கடைக்காரம்மா மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். இந்த வட்டாரத்தில் வியாபாரம் முடிந்த பிறகும் ஆளை எழுப்பிவிடுவதில்லை.

திருவரங்கத்திலிருந்து ராமாநுசர் 18 முறை இங்கே நடந்து வந்தார். ஒரு வழிக்கே சுமார் 100 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் திருக்கோஷ்டியூர் நம்பி, இப்போது வேண்டாம், பிறகு வா என்று அனுப்பிவிட்டார். கடைசியில் துறவியின் கோலான தண்டும் அதில் கட்டும் துணியான பவித்திரமும் மட்டும் கொண்டு தனியாக வரச் சொன்னார். தம் சீடர்கள் முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் கூட்டி வந்தார் ராமாநுசர். "இவர்கள்தாம் என் தண்டும் பவித்திரமும்" என்றார்.

பிறகு நடந்தது ஊருக்கெல்லாம் தெரியும். யாருக்கும் சொல்லக்கூடாது என்று வாங்கிய பொருளைக் கோயில் மேலிருந்து எல்லோருக்கும் சொன்னார். அங்கே சொன்னது எட்டெழுத்து மந்திரம் என்பார் சிலர், கீதையின் சரம சுலோகத்தின் பொருள் என்பார் சிலர். இதைக் 'குரு சொல்லை மீறிய புரட்சி' என்று மேடையில் பேசிப் பேசி ஒரு பக்கத்தை மட்டும் வைத்திருக்கிறோம். மீறினால் என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியும், அதை ஏற்றுக்கொண்டுதான் ஏறினார். "நான் ஒருவன் நரகம் போனால் போகிறேன், இத்தனை பேர் பிழைப்பார்களே" என்று குருவின் முன்னாலேயே வந்து நின்றார், ஓடி ஒளியவில்லை. அதைக் கேட்டுத்தான் நம்பி அவரைத் தழுவி "எம்பெருமானார்" என்றார். விளைவை ஏற்கத் தயாராக இல்லாதவர் இந்தக் கதையை முன்மாதிரியாகக் காட்டமுடியாது.

அஷ்டாங்க விமானத்தின் படிகள் குறுகல், தலை இடிக்கும். மேல்தளத்தில் ராமாநுசர் நின்ற இடத்தில் நல்ல காற்று. மழை இரண்டு தூறல் போட்டு நின்றுவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு: ஆவுடையார்கோயில்

இந்தப் பயணத்தில் அதிக நேரம் நின்றது இங்கேதான். பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தோடு வந்த அமைச்சர், குருந்த மரத்தடியில் ஒரு குருவைக் கண்டார், அங்கேயே நின்றுவிட்டார். அவர்தான் மாணிக்கவாசகர்.

கோயில் தெற்கு நோக்கியது, தட்சிணாமூர்த்தியின் திசை. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. கருவறையில் லிங்கமும் இல்லை, அதன் பீடமான ஆவுடையார் மட்டும். அம்மன் யோகாம்பாள் சன்னிதியிலும் உருவம் கிடையாது, பீடத்தில் பாதம், அதையும் கல் சாளரத்தின் வழியாகத்தான் பார்க்கவேண்டும். முதல் முறை வருபவர்கள் சாளரத்துக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு "ஒண்ணுமே தெரியலையே" என்று திரும்பிவிடுகிறார்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடமாவது வேண்டும். பின்னால் வரிசை நெருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை, வேறு கிழமையில் வாருங்கள்.

நைவேத்தியம் பார்க்காமல் போகாதீர்கள். கருவறைக்கு முன்னால் ஒரு கருங்கல் மேடை. புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்த சூட்டில் கொண்டுவந்து அந்தக் கல்லில் அப்படியே கொட்டிப் பரப்புகிறார்கள். கூடக் கீரையும் பாகற்காயும். தட்டில் வைத்து மூடிக் காட்டுவது இங்கே இல்லை. சோற்றிலிருந்து எழும் ஆவிதான் நிவேதனம், இங்குள்ள இறைவன் ஆத்மநாதருக்கு அது போதும். அதனால் சோறு ஆறியிருந்தால் பயனில்லை. மடைப்பள்ளியிலிருந்து மேடை வரை நடையில் வேகம் இருக்கிறது. கூட்டம் வழிவிடாமல் நின்றதால் இன்று ஒருவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. கொட்டியவுடன் ஆவி மேலே ஏறிக் கல் தூண்களின் நடுவே கலைகிறது. சோற்று வாசனை மண்டபம் முழுக்க வந்துவிடுகிறது. அமைச்சர் ஒருவரின் வாழ்க்கையைப் புரட்டிய இடத்தில் பரிமாறுவது ஏழை வீட்டுச் சோறு.

இருக்கை இருக்கிறது, உட்கார்ந்தவர் இல்லை. இந்தக் கோயிலின் அமைப்பை நான் இப்படித்தான் படிக்கிறேன். குரு வந்தார், உபதேசித்தார், அடியார்களோடு மறைந்தார். மாணிக்கவாசகரை மட்டும் விட்டுவிட்டு, தில்லைக்கு வா என்று சொல்லிப் போனார். திருவாசகத்தின் அழுகை பெரும்பாலும் அந்தப் பிரிவின் அழுகைதான். குரு கூடவே இருந்திருந்தால் பாட்டு வந்திருக்குமா?

அரசன் பணத்தைக் கோயில் பணிக்குச் செலவழித்ததை மரபு மறைக்கவில்லை. வைகைச் சுடுமணலில் நிறுத்தப்பட்டார், சிறையில் இருந்தார். குருபக்தி வந்துவிட்டால் உலகக் கணக்கு தானாகத் தீர்ந்துவிடும் என்று இந்தக் கதை சொல்லவில்லை.

கூரையில் கருங்கல்லை மரச்சட்டம் போல இழைத்த கொடுங்கைகள். கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். வெளியே மதியம் தரை கொதித்தது, தேர்முட்டி வரை நடக்கமுடியாமல் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார் அதன் தாத்தா. வழியில் நின்ற பழக்கடைக்காரர் சாக்கை நனைத்து விரித்துக்கொடுத்தார்.

ஜூலை 7, திங்கள்: திருவரங்கம்

காலை காபி 25 ரூபாய், பித்தளை டபராவில். இந்த வாரம் ஆனி மூலம் வருகிறது, மணவாள மாமுனிகள் சன்னிதியில் அதன் பேச்சுதான்.

முதலில் உடையவர், அதாவது ராமாநுசர், சன்னிதி. பத்மாசனத்தில் அமர்ந்திருப்பது 'தானான திருமேனி'. சிலையல்ல, அவருடைய திருமேனியே என்பது கோயில் மரபு. அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. ஆண்டுக்கு இருமுறை, சித்திரையிலும் ஐப்பசியிலும், பச்சைக்கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்த கலவையைச் சாத்துகிறார்கள். காவி கலந்த அந்த நிறம் அதிலிருந்து வருவது. கூட்டத்தில் ஒருவர் "நிஜமாவே உள்ள உடம்பு இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்திலிருந்த பெரியவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "தேவரீர் முதல்ல சேவிச்சுடுங்கோ, அடியேன் வெளியில சொல்றேன்" என்றார். வெளியே வந்து கால்மணி நேரம் நின்று சொல்லவும் செய்தார்.

120 ஆண்டு வாழ்ந்தார் என்று மரபு சொல்லும் ராமாநுசர் (1017–1137) தம் பெயரில் ஒரே பீடத்தை வைத்துவிட்டுப் போகவில்லை. 74 சிம்மாசனாதிபதிகளை ஏற்படுத்தி ஊர் ஊராக அனுப்பினார். இன்று வைணவ வீட்டில் "உங்கள் ஆசாரியர் யார்?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் அந்த வழிகளில் ஒன்றாக இருக்கும்.

ஆசாரியரிடம் சேர்வது பஞ்சசம்ஸ்காரம். வெறும் வயிற்றோடு, குளித்து மடியாக வரவேண்டும். ஓமத்தில் காய்ச்சிய சக்கரம் வலத் தோளில், சங்கு இடத் தோளில், தொட்டு எடுக்கும் நேரம்தான். அடுத்து பன்னிரண்டு திருமண்காப்பு, தாஸ்ய நாமம், மூன்று மந்திரங்களின் உபதேசம், கடைசியாக யாகம், அதாவது வீட்டில் திருவாராதனம் செய்யும் முறை. தவறு நேர்வது இந்த ஐந்தாவதில்தான். கூட்டமான நாளில் முத்திரை வாங்கிக்கொண்டு சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆசாரியரைப் போற்றும் சுலோகமான தனியன்கூடத் தெரியாமல் ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. தனியனை எழுதி வாங்குங்கள், ஆராதனம் கற்க எந்த நாள் வரலாம் என்று அப்போதே கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது போய் நில்லுங்கள்.

மாமுனிகள் (1370–1443) பிறந்தது ஆழ்வார்திருநகரியில். அவருடைய ஆசாரியர் திருவாய்மொழிப் பிள்ளை, ராமாநுசரின் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை கேட்டுவிட்டு ஆழ்வார்களின் அருளிச்செயலிலேயே காலம் கழிக்கவேண்டும், திருவரங்கத்தில் வாழவேண்டும் என்று பணித்தார். அதன்படி வந்தவர் இங்கே பெருமாள் முன்னிலையில் ஓராண்டு, திருவாய்மொழியின் பேருரையான ஈட்டு வியாக்கியானம் சொன்னார், அதற்காக உற்சவங்கள் நிறுத்தப்பட்டன. நிறைவு நாளான ஆனி மூலத்தில் ஒரு சிறுவன் வந்து 'ஸ்ரீசைலேச தயாபாத்ரம்' என்று தனியன் சமர்ப்பித்து மறைந்தான். அந்தச் சிறுவன் அரங்கனே என்பது நம்பிக்கை. சீடனாக அரங்கனே உட்கார்ந்ததாகச் சொல்லும் இந்த மரபில், மாசி தேய்பிறைத் துவாதசியில் மாமுனிகளின் ஆண்டு நினைவுச் சடங்கான திருவத்யயனத்தைப் பெருமாள் சார்பிலேயே நடத்துகிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்: நெரூர்

கரூரில் இறங்கியதும் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றுக்கு இந்தப் பக்கம் தடுப்பே இல்லை, கண்ணில் மண். மேட்டூர் நிரம்பி உபரிநீர் வருவதால் காவிரியில் இறங்கவேண்டாம் என்று கரையோரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "தண்ணி வேகமா வருதுங்க, படியோட நின்னு தெளிச்சுக்கோங்க" என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்.

சதாசிவ பிரம்மேந்திரரின் ஜீவசமாதி வில்வ மரத்தடியில். வாதத்தில் யாரையும் விடாமல் மடக்கிய இளம் சீடனிடம் குரு பரமசிவேந்திரர், உன் வாயை அடக்கக் கற்கமாட்டாயா என்று கேட்டார். அன்று மூடிய வாய் பிறகு பேச்சுக்குத் திறக்கவில்லை. குரு சலித்துச் சொன்ன ஒரு வாக்கியம், அதை ஆணையாக ஏற்று ஆயுள் முழுக்க நிறைவேற்றியவர் இவர். உடையும் வீடும் நினைவின்றித் திரிந்த அவரைப் பைத்தியம் என்று குருவிடம் முறையிட்டபோது, அந்தப் பைத்தியம் எனக்கு வரவில்லையே என்று அவர் ஏங்கினாராம். சீடன் தன்னைத் தாண்டிவிட்டான் என்பதில் குருவுக்குக் குறையில்லை.

1738-ல் புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாதத் தொண்டைமான் உபதேசம் வேண்டி நின்றபோது பேசாமல் மணலில் எழுதிக் காட்டினார். மேற்கொண்டு கற்க கோபாலகிருஷ்ண சாஸ்திரிகளிடம் போகும்படியும் எழுதினார். அரசனே சீடனாக வாய்த்தும் அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அந்த மணலை அள்ளிக்கொண்டுபோய் அரண்மனையில் வைத்துப் பூசித்தார்கள்.

ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அன்னதானம் முடிந்த எச்சில் இலைகள் மேல் உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்யும் வழக்கம் இங்கே இருந்தது. 2015-ல் உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது, 2024-ல் தனி நீதிபதி அனுமதித்தார், 2025-ல் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. உண்ட அடியார்களில் குருவும் ஒருவராக இருக்கலாம் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் வாயை மூடு என்ற சொல்லை வாழ்நாள் விரதமாக்கிய ஒருவரின் இடத்தில், ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவது அவருக்கு இன்னும் நெருக்கமான வழிபாடு என்று படுகிறது. இன்று சமாதியைச் சுற்றி ஐந்தாறு பேர்தான், அதில் இருவர் காணொளி அழைப்பில் வீட்டாருக்கு வில்வமரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 9, புதன்: திருவாவடுதுறை

நரசிங்கன்பேட்டையில் நாகசுரம் கடையும் பட்டறைகள். அதைத் தாண்டினால் திருவாவடுதுறை, டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். வயல்வெளியில் நாற்றங்கால் பச்சை. கும்பகோணத்தில் சாப்பிட்ட இட்லி மூன்று 45 ரூபாய், கொத்சு தாராளம்.

கோமுத்தீசுவரர் கோயிலில் திருமூலர் சன்னிதி. திருமந்திரம் பிறந்தது இங்கே அரசமரத்தடியில். 'தெளிவு குருவின் திருமேனி காண்டல்' என்று தொடங்கும் பாட்டு எல்லா ஆசிரமச் சுவரிலும் எழுதியிருக்கும். காண்டல், திருநாமம் செப்பல், திருவார்த்தை கேட்டல், குருவுருச் சிந்தித்தல் என்று நான்கு. நாம் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். காணப் போவதற்கு வண்டி பிடிக்கிறோம், கேட்பதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. அதே திருமூலர்தான் "குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவிழு மாறே" என்றும் பாடினார். குருட்டினை நீக்காத குருவைக் கொள்பவர்களைப் பற்றிய பாட்டு. அதைச் சுவரில் எழுதிய ஆசிரமம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இங்குள்ள சைவ மடமான ஆதீனத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையோடு போகாமல் பழமாவது கொண்டுபோகவேண்டும். திருநீறு வாங்கும்போது இடக்கை மேல் வலக்கை, கீழே சிந்தாமல். மடத்தின் தலைவரான குருமகா சன்னிதானத்துக்குப் புறங்காட்டித் திரும்பக்கூடாது, இரண்டடி பின்வாங்கித் திரும்புவது முறை. தை மாதம் அசுவதி நட்சத்திரத்தில் (மகரத் தலைநாள் என்பது இதைத்தான்) ஆதீனத்தை நிறுவிய நமசிவாய மூர்த்திகளின் குருபூசை. அப்போது நடக்கும் பட்டினப் பிரவேசத்தில் சன்னிதானம் பல்லக்கில் வருவார். 2022-ல் தருமபுரம் ஆதீனத்தில் மனிதனை மனிதன் சுமப்பதா என்ற கேள்வியோடு பட்டினப் பிரவேசத்துக்குத் தடை வந்து, பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. சுமப்பவர்கள் அதைத் தொண்டாக விரும்பிச் செய்கிறார்களா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி, அதை அவர்களிடமே கேட்கவேண்டும்.

தீட்சை எடுக்க நினைப்பவர்களுக்கு: சமய தீட்சையில் ஐந்தெழுத்து ஓதும் உரிமை, விசேட தீட்சையில் சிவபூசை செய்யும் உரிமை, நிருவாண தீட்சை அதற்கும் மேல். பலர் ஆர்வத்தில் விசேடத்துக்குத் தாவுகிறார்கள். பூசை எடுத்துக்கொண்டால் அதை முடிக்காமல் உண்பதில்லை என்பது வாழ்நாள் நியமம். வேலை, வெளியூர், நோய் எல்லாவற்றிலும் அது கூடவே வரும். ஆறு மாதத்தில் பூசைப் பெட்டகத்தைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுப்பதைவிட, சமய தீட்சையில் நின்று தினமும் 108 ஐந்தெழுத்து தவறாமல் எண்ணுவது மேல்.

இதே ஊரில்தான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே. சாமிநாதையர் படித்தார். 1876-ல் ஆசிரியர் மறைந்தபோது மாணவருக்கு வயது 21கூட நிறையவில்லை. அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. ஏடு தேடி அலைந்தார், பதிப்பித்தார். தள்ளாத வயதில் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகமாக எழுதினார். குருபக்தியின் அளவைப் பார்க்க விரும்புபவர்கள் அந்த வரலாற்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

ஜூலை 10, வியாழன்: திருவண்ணாமலை

பௌர்ணமி, குருபூர்ணிமா. பேருந்தை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நடை. தண்ணீர் பாட்டில் 20 ரூபாய், நள்ளிரவுக்குள் சில இடங்களில் 30. ஆனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க யாராவது மோரோ சுண்டலோ கையில் திணித்துக்கொண்டே இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. பாதித் தொன்னை வாங்கிக்கொள்வது நல்லது.

பெரிய கோயிலுக்குப் பின்னால் மலை ஏறும் வழியில் குகை நமசிவாயர் இடம். அவருடைய சீடர் குரு நமசிவாயர். குரு வாந்தி எடுத்துவிட்டு, மனிதக் கால் படாத இடத்தில் போட்டுவிட்டு வா என்றார். எங்கே போட்டாலும் கால் படுமே என்று சீடர் அதைத் தாமே விழுங்கிவிட்டார். கேட்கவே கூசும் கதை. இதைச் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுவதுதான் தவறு. அடுத்து குரு என்ன செய்தார்? ஒரு கம்பத்தில் இரண்டு யானையைக் கட்டமுடியாது என்று சொல்லி, அந்தச் சீடரைச் சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டார். அத்தனை அடிபணிந்தவரை வைத்து வேலை வாங்கிக்கொள்ளவில்லை. அடிபணியச் சொல்லும் ஒருவர் உண்மையில் எப்படிப்பட்டவர் என்று பார்க்க, ஆன சீடனை அனுப்புகிறாரா என்று பாருங்கள்.

1896 செப்டம்பர் 1-ல் இங்கே வந்த ரமணருக்கு மனித குரு இல்லை, மலையே குரு. ரமணாசிரமத்தில் இன்று கூட்டம் அலைமோதியது, ஆனால் தியான அறைக்குள் ஒரு சத்தமில்லை.

கிரிவலப் பாதைக்குச் சற்று உள்ளே, ஒரு சிறிய சன்னியாசி ஆசிரமத்தில் காலையில் வியாச பூசை. இன்று முதல் சாதுர்மாஸ்யம். துறவிகள் இன்று தலைமழித்துக்கொண்டு (க்ஷௌரம்), நான்கு பட்சங்கள், அதாவது நான்கு பிறைப் பாதிகள், ஊரைவிட்டு நகராமல் இருப்பார்கள். பட்சத்தையே மாதமாகக் கொள்வதால் நடைமுறையில் இரண்டு மாதம், செப்டம்பர் 7 பௌர்ணமி வரை. வெள்ளைத் துணி விரித்து, பச்சரிசியைப் பரப்பி, அதன் மேல் எலுமிச்சம்பழங்கள். ஒவ்வொரு பழமும் ஒரு குரு. நடுவில் கிருஷ்ணர், சுற்றி வாசுதேவர், சங்கர்ஷணர், பிரத்யும்னர், அநிருத்தர். ஒருபுறம் வியாசரும் பைலர், வைசம்பாயனர், ஜைமினி, சுமந்து ஆகிய நால்வரும். மறுபுறம் ஆதிசங்கரரும் பத்மபாதர், சுரேஸ்வரர், ஹஸ்தாமலகர், தோடகர் ஆகிய நால்வரும். அதன் பின் பூசை செய்யும் துறவியின் குரு, அவர் குரு, அவருக்கும் குரு. அரிசியைச் சமமாகப் பரப்பினால் பழம் உருளும், பழம் உருண்டால் வரிசை குழம்பி யாருக்கு அர்ச்சனை என்று தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலால் குழி அழுத்தி வைத்தார் பூசைக்கு உதவியவர். அப்படியும் சுமந்து ஒருமுறை உருண்டு வைசம்பாயனரை இடித்தார், சரிசெய்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

எல்லோரும் தம்மை வணங்க வந்த நாளில், அந்தத் துறவி தரையில் உட்கார்ந்து தமக்கு முன்னால் இருந்தவர்களை வணங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் துறவிக்குக் காணிக்கை தந்து வணங்கும் பிக்ஷாவந்தனம். துறவிக்கு நான்கு நமஸ்காரம், கோத்திரமும் பெயரும் சொல்லும் அபிவாதனம் கூடாது. அவர் "நாராயண" என்பார், ஆசீர்வாதத்தை நாராயணனிடமே விட்டுவிடுகிறார். புதிதாக வந்த ஒரு இளைஞர் கோத்திரம் சொல்லத் தொடங்கியபோது ஒரு மாமி மெதுவாகக் கையைத் தொட்டு நிறுத்தினார். பிரசாதமாக அட்சதையும் ஆளுக்கொரு எலுமிச்சையும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பலகையில் எழுதிப்போட்டார்கள்: நாளை காலை 6 மணிக்குப் பிரம்மசூத்திர பாஷ்யம், மாலை 5 மணிக்குக் கீதை. இரண்டு மாதமும் தங்கமுடியாதவர்கள் முதல் நான்கு சூத்திரங்களுக்காவது இருங்கள் என்று சொன்னார்கள், அதற்கே மூன்று வாரம் ஆகும். கட்டணம் இல்லை. புத்தகம் சொந்தமாகக் கொண்டுவரவேண்டும், பாடத்தின் நடுவில் எழுந்து போகக்கூடாது, கேள்விகளை முடிவில்தான் கேட்கவேண்டும்.